பசு மட்டும் போதுமா?

(மூன்றாம் ஆண்டு பொருளியல் மாணவி)

‘மாடு’ என்னும் சொல்லுக்குச் செல்வம் என்றும் ஒரு பொருள் உண்டு. கால்நடையையே செல்வமாகக் கருதி வாழ்ந்த நம் முன்னோர் அவ்வாறு வழங்கியதில் வியப்பில்லை. ஆனால், இன்று கொட்டிலில் மாடு நிற்கும் வீடெல்லாம் செல்வம் நிறைந்த வீடாக விளங்குகின்றதா? ஏழைக் குடும்பத்திற்கு ஒரு கறவை மாடு வாங்கிக் கொடுத்துவிட்டால் அதன் வறுமை தீர்ந்துவிடும் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. அவ்வெண்ணம் பாதி உண்மையே. மறு பாதியைச் சிந்தித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடனும் கறவையும்

ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டம் 1980ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் நாட்டின் எல்லா ஒன்றியங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. மானியமும் வங்கிக் கடனும் சேர்த்து அதன்மூலம் ஏழைகள் பலர் கறவை மாடுகள் பெற்றனர். இத்திட்டத்தால் வறுமை ஒழியுமா என்ற வினாவைப் பொருளியல் அறிஞர் நீலகண்ட ரத் 1985-ல் எழுப்பினார். 1999-ல் அத்திட்டம் வேறொரு திட்டத்தில் இணைக்கப்பட்டது.

மாடு பெற்றவர் எல்லாரும் ஏன் முன்னேறவில்லை? பசு ஏறத்தாழப் பத்து மாதம் கறக்கும்; பிறகு பால் வற்றும். பால் வற்றினாலும் கடன் தவணை வற்றுவதில்லை. உரிய காலத்தில் சினை பிடிக்கவில்லையென்றால், வருமானமின்றியே தவிடும் புண்ணாக்கும் வாங்கிப் போட வேண்டும். நிலமுள்ளவனுக்கு வைக்கோலும் சோளத்தட்டும் உண்டு. நிலமற்றவனோ தீவனம் அனைத்தையும் காசு கொடுத்தே வாங்க வேண்டும்.

இவற்றினும் பெரிய இடர் ஒன்றுண்டு. நெல்லை அறுத்தவன் விலை குறைந்தால் குதிரில் கொட்டிச் சில நாள் காத்திருக்கலாம். காலையில் கறந்த பாலோ நண்பகலுக்குள் திரிந்துவிடும். காத்திருக்க இயலாதவன் பேரம் பேசவும் இயலாதன்றோ! ஊரில் ஒரே ஒரு வியாபாரி இருந்து, அவரிடம் முன்பணமும் வாங்கியிருந்தால், அவர் வைத்ததே அளவு. அவர் சொன்னதே விலை.

ஆனந்த் காட்டிய வழி

இந்த உண்மையைக் குசராத்தின் கெய்ரா மாவட்ட உழவர்கள் அன்றே உணர்ந்தனர். பம்பாய் நகருக்குப் பால் அனுப்ப, அம்மாவட்டத்தில் பால் வாங்கும் ஏகபோக உரிமை போல்சன் நிறுவனத்திற்கு அளிக்கப்பட்டிருந்தது. உழவர்கள் சர்தார் பட்டேலிடம் முறையிட்டனர். ‘சங்கம் அமைத்து நீங்களே விற்பனை செய்யுங்கள்’ என்பது அவர் அறிவுரையின் சாரம். 1946 சனவரியில் சமர்க்கா என்ற ஊரில் மொரார்ஜி தேசாய் முன்னிலையில் கூட்டம் நடந்தது. பதினைந்து நாள் அவர்கள் அந்நிறுவனத்திற்குப் பால் ஊற்றவில்லை; அரசு இறங்கி வந்தது. அவ்வாண்டு டிசம்பர் 14-ல் திரிபுவன்தாஸ் பட்டேல் தலைமையில் ஒன்றியம் பதிவாயிற்று. தொடக்கத்தில் இருந்தவை இரண்டே சங்கங்கள். நாளொன்றுக்குக் கிடைத்தது 247 லிட்டர் பால். ‘அமுல்’ என்ற ஆலமரத்தின் வித்து அதுவே.

1949-ல் ஆனந்துக்கு வந்த வர்கீஸ் குரியனும் அவர் நண்பர் தலாயாவும் எருமைப் பாலிலிருந்து பால்பொடி செய்யும் வழி கண்டனர். 1955-ல் அதற்கான ஆலையை நேரு திறந்து வைத்தார். உபரியாக வரும் பாலையும் வாங்கிக்கொள்ள அதனால் வழி பிறந்தது. 1964-ல் கஞ்சரியில் தீவன ஆலையைத் திறக்க வந்த பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, அஜர்புரா கிராமத்தில் இரவு தங்கி மக்களோடு உரையாடினார். அதன் பயனாக 1965-ல் தேசிய பால்வள வாரியம் பிறந்தது. 1970 முதல் 1996 வரை நடந்த வெண்மைப் புரட்சித் திட்டம் ஆனந்த் முறையை நாடெங்கும் பரப்பியது. 1950-51-ல் 1.7 கோடி டன்னாக இருந்த நாட்டின் பால் உற்பத்தி, 2023-24-ல் ஏறத்தாழ 23.9 கோடி டன்னாக உயர்ந்தது.

இதில் நாம் கற்க வேண்டிய பாடம் யாது? காலையும் மாலையும் தவறாது பாலை வாங்குதல், கொழுப்பையும் இதர சத்தையும் சோதித்து விலை தருதல், தீவனமும் மருத்துவமும் சினை ஊசியும் ஊருக்கே கொண்டுவருதல் ஆகிய அனைத்தும் ஆலை உழவர்க்கே உரிமையானதால் நடந்தன. ஒரு படி பால் ஊற்றுபவனுக்கும் பத்துப் படி ஊற்றுபவனுக்கும் சங்கத்தில் ஒரே வாக்கு.

நம் கடமை

தமிழ்நாட்டிலும் 1981 முதல் ஊர்ச் சங்கம், மாவட்ட ஒன்றியம், மாநில இணையம் என்ற மூன்றடுக்கு அமைப்பு இயங்கி வருகின்றது. ‘ஆவின்’ என்ற பெயரை அறியாதவர் உளரோ? ‘தனியார் கூடுதல் விலை தரும்போது சங்கம் எதற்கு?’ என்று கேட்பாரும் உளர். சங்கம் உள்ள ஊரில்தான் தனியாரும் நியாய விலை தருவார். சங்கத்தின் கதவு மூடப்பட்டால் அவ்விலை எத்தனை நாள் நிற்கும்? ஆயினும், சங்கமும் தன் கடமையில் தவறலாகாது. சோதனைக் கருவியின் அளவை உறுப்பினர் கண்ணெதிரே காட்ட வேண்டும். பட்டுவாடா நாள் தள்ளிப் போகலாகாது. பால் பணம் தாமதமானால், தீவனக் கடைக்கும் வட்டிக்கடைக்கும் ஒரே நாளில் போக நேரிடும்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். விடியுமுன் எழுந்து சாணம் அள்ளுபவளும், புல்லறுத்து வருபவளும், பால் கறப்பவளும் பெரும்பாலும் பெண்ணே. ஆனால் சங்கப் புத்தகத்தில் இருப்பதோ பல வீடுகளில் ஆணின் பெயர். உழைப்பவள் பெயரிலேயே உறுப்பினர் உரிமை இருக்குமானால், பணம் நேரே அடுப்பங்கரைக்கும் பள்ளிக் கட்டணத்திற்கும் போய்ச் சேரும்.

மாணவ நண்பர்களே! பால் பணத்தில் கட்டணம் கட்டிப் படிக்க வந்தோர் நம் வகுப்புகளிலேயே பலர். நாட்டு நலப் பணித் திட்ட முகாமுக்குச் செல்லும்போது, மரம் நடுவதோடு, ஊர்த் தாய்மார்களின் பால் அட்டைகளையும் வாங்கிப் படித்துக் கணக்கைச் சரிபார்த்துச் சொல்லுவோம். சங்கத் தேர்தலில் நிற்க அவர்களை ஊக்குவிப்போம். அரசு மாடு கொடுக்கட்டும், கொடுக்கத்தான் வேண்டும். அளவையும் விலையையும் தட்டிக் கேட்கும் உரிமையும் அம்மாட்டோடு சேர்ந்து கிடைக்கும் நாளில்தான் மாடு மீண்டும் செல்வமாகும்.