அட்டவணை முதலில், அணு பிறகு

வேதியியல் மாணவர் எவரையும் கேட்டுப் பாருங்கள். அயோடின் ஏன் குளோரின், புரோமின் ஆகியவற்றோடு ஒரே தொகுதியில் இருக்கிறது? "வெளிக்கூட்டில் ஏழு எலக்ட்ரான்கள்" என்று உடனே விடை வரும். முழு மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால் எலக்ட்ரான் என்ற ஒன்றை எவரும் அறியாத 1869ஆம் ஆண்டிலேயே மெண்டலீஃப் அதை அங்கே வைத்தாரே, எப்படி என்று கேட்டால் வகுப்பில் அமைதிதான். அப்படி விழித்தவர்களுள் நானும் ஒருவன்.

நாம் படிக்கும் வரிசையே இதற்குக் காரணம் என்பது என் எண்ணம். முதலில் அணு அமைப்பு, 4எஸ் நிரம்பிய பின்னரே 3டி என்ற மனப்பாடம், அதன் பிறகு அட்டவணை. அணுவிலிருந்து அட்டவணை பிறந்தது போன்ற மயக்கம் நமக்கு ஏற்பட்டுவிடுகிறது. வரலாறோ நேர்மாறானது. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டது 1897இல். ரூதர்ஃபோர்டு அணுக்கருவை அறிவித்தது 1911இல். மெண்டலீஃப் 1907லேயே மறைந்துவிட்டார்!

அவர் கையில் இருந்தவை அறுபத்துச் சொச்சம் தனிமங்கள், அவற்றின் அணு எடைகள், குணங்கள். அவ்வளவே. பொருந்தாத இடங்களைக் காலியாக விட்டார். இன்றைய அட்டவணையில் 118 கட்டங்களும் நிரம்பியுள்ளன. காலி இடம் விடுவதற்கு வேண்டிய துணிவு நமக்கு எங்கே புரியப்போகிறது? 1875இல் பிரெஞ்சு அறிஞர் புவாபோத்ரான் காலியத்தைக் கண்டுபிடித்து அதன் அடர்த்தி 4.7 என்றார். அந்த உலோகத்தைக் கண்ணால்கூடப் பாராத மெண்டலீஃப், 5.9 அளவில் இருக்க வேண்டும், மீண்டும் அளந்து பாருங்கள் என்று எழுதினார். தூய்மைப்படுத்தி அளந்தபோது 5.9தான் வந்தது.

அவர் தவறியதும் உண்டு. எடைப்படி பார்த்தால் அயோடின் (126.9) முன்னும் டெல்லூரியம் (127.6) பின்னும் வர வேண்டும். ஆனால் டெல்லூரியம் கந்தகத்தைப் போல இரண்டு ஹைட்ரஜனோடு சேர்வது. அயோடின் குளோரினைப் போல ஒன்றோடு சேர்வது. ஆகவே குணத்தை நம்பி இடம் மாற்றி வைத்தார்; டெல்லூரியத்தின் எடையை அளந்ததில்தான் பிழை என்றார். இடம் சரி, காரணம் தவறு. எடையில் பிழையே இல்லை. வரிசையை முடிவு செய்வது எடையன்று, அணுக்கருவின் மின்னேற்றமே என்பதை எக்ஸ் கதிர்களைக் கொண்டு 1913இல் காட்டியவர் மோஸ்லி. அவ்விளைஞர் இரண்டே ஆண்டுகளில், தம் 27ஆம் வயதில், கலிப்பொலிப் போர்க்களத்தில் மாண்டார்.

"பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை, வரலாறு வேறா?" என்று விரிவுரையாளர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. நான் வேண்டுவது முதலாண்டில் ஒரே ஒரு பாடவேளை. அணு எண் இல்லாமல், எடையும் குணங்களும் மட்டும் எழுதிய சீட்டுகளை மாணவர் கையில் கொடுத்து அடுக்கச் சொல்லுங்கள். டெல்லூரியச் சீட்டு வரும்போது எடையை நம்புவதா, குணத்தை நம்புவதா என்று பெஞ்சுக்குப் பெஞ்சு வாதம் கிளம்பும். அணு எண்ணை மறுநாள் சொல்லிக்கொள்ளலாம்.