முதுகுவலி என்று எழுதப்படும் விடுப்பு

வருவாய்த்துறையில் நான் பணியாற்றிய நாட்களில், உடன் பணிபுரிந்த ஒருவர் மூன்று வாரம் மருத்துவ விடுப்பில் சென்றார். விண்ணப்பத்தில் அவர் எழுதிய காரணம் முதுகுவலி. பல இரவுகள் உறக்கமின்றி, கோப்பைத் திறந்தாலே கை நடுங்கும் நிலையில் அவர் இருந்ததை அலுவலகத்தில் அறியாதவர் இல்லை. ஆயினும், உண்மைக் காரணத்தை எழுதுமாறு எங்களில் ஒருவரும் சொல்லவில்லை. பதவி உயர்வுப் பட்டியல் தயாராகும்போது அந்த ஒரு சொல் முன்னால் வந்து நிற்கும் என்று அனைவரும் அஞ்சினோம்.

வேலூர் மாவட்டத்தின் அணைக்கட்டுப் பகுதிக்குச் செல்லும்போதெல்லாம் அந்த விண்ணப்பம் நினைவுக்கு வருகிறது. ஒருபுறம் சமவெளி, மறுபுறம் பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை என மலை ஊராட்சிகள். இப்பகுதியின் அல்லேரி மலையில், 2023 மே மாத இறுதியில், பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை சாலை வசதியின்மையால் உரிய நேரத்தில் மருத்துவமனையை அடைய முடியாமல் இறந்தது. உடற்கூறாய்வுக்குப் பின் உடலைக் கொண்டுவந்த வாகனமும் பாதி வழியில் நின்றுவிட, தாயே அதைச் சுமந்து மலையேறினார்.

அந்தத் தாயின் துயரத்துக்கு முன் வேறெதுவும் பெரிதன்று. சாலை ஏன் இல்லை என்று மக்கள் கொதித்ததும் நியாயமே. ஆனால், இத்தகைய மலைகளில் அரசு என்பது ஒரு கிராம சுகாதாரச் செவிலியர், ஒரு கிராம நிர்வாக அலுவலர், ஓர் ஊராட்சிச் செயலர். சாலை போடும் அதிகாரம் இவர்களில் எவருக்கும் இல்லை. கோபத்தை நேருக்கு நேர் வாங்குபவர்கள் இவர்களே. மேலிருந்து விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வரும். ‘நேற்றிரவு உறங்கினீர்களா?’ என்று கேட்கும் ஏற்பாட்டை என் பணிக்காலத்தில் நான் கண்டதில்லை.

2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது இது மாநிலம் முழுவதும் வெளிப்பட்டது. அங்கன்வாடிப் பணியாளர்களும் ஆசிரியர்களும் தம் வழக்கமான பணியோடு வீடுவீடாகப் படிவம் சுமந்தனர். பணிச்சுமையைக் காரணம் காட்டி வருவாய்த்துறைச் சங்கங்கள் நவம்பர் 18 முதல் புறக்கணிப்பில் இறங்கின. கூடுதல் ஊழியர்களை நியமித்து வேலைநேரத்தைக் குறைக்குமாறு டிசம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் மாநிலங்களைப் பணிக்க வேண்டியிருந்தது. ஆள் போடச் சொல்வதற்கும் நாட்டின் உச்ச நீதிமன்றமா!

மனநலம் என்றவுடன் யோகா முகாமும் ஊக்க உரையும் நம் அலுவலகங்களுக்கு நினைவுக்கு வருகின்றன. அவை தீயவை அல்ல. ஆனால், 2022இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பணியிட மனநல வழிகாட்டுதல்கள், வேலை அமைந்துள்ள விதத்தைச் சீர்செய்வதையும் மேலாளர்களுக்குப் பயிற்சி அளிப்பதையும் வலியுறுத்துகின்றன. மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் உலகில் ஆண்டுக்கு 1,200 கோடி வேலைநாட்கள் இழக்கப்படுவதாக அந்நிறுவனம் மதிப்பிடுகிறது. காலிப்பணியிடத்தை நிரப்பாமல், ஒருவரிடம் மூன்று ஊர்களின் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு, மூச்சுப்பயிற்சி கற்பிப்பதில் என்ன பயன்?

உதவிக்கு வழிகள் இல்லாமல் இல்லை. 2022 அக்டோபரில் தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம். நோயாளியுடன் குடும்பத்தினரும் தங்கிச் சிகிச்சை பெறும் முறைக்குப் பெயர்பெற்ற சி.எம்.சி. மனநல மையம் வேலூரையொட்டிய பாகாயத்தில்தான் உள்ளது. காவலர்களுக்கு நிம்ஹான்ஸ் துணையுடன் நிறைவாழ்வுப் பயிற்சி வந்தது. பிற துறைகள் அந்த அளவுக்கேனும் செல்லலாமே.

தடுப்பது அச்சம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் உள்ளடக்கியது. பணிக்காலத்தில் அத்தகைய குறைபாட்டுக்கு உள்ளாகும் அரசு ஊழியரைப் பணிநீக்கவோ பதவியிறக்கவோ கூடாதென அதன் 20ஆவது பிரிவு கூறுகிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சிகிச்சை விவரங்களின் ரகசியத்தை உரிமையாக்கியுள்ளது. இவ்விரண்டையும் விளக்கி ஒவ்வொரு வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஒரு பக்கச் சுற்றறிக்கை அனுப்ப நிதி ஒதுக்கீடு தேவையில்லை. அது அறிவிப்புப் பலகையில், விடுப்பு விண்ணப்பம் எழுதுபவரின் கண்ணில் படுமாறு ஒட்டப்பட வேண்டும்.