பரப்பைப் புள்ளியாக்காதீர்கள்: இடத்தரவுப் பிழைகள் குறித்த நிலைப்பாடு

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் பாட்வின் என்ற சிற்றூருக்கு அருகே ஒரு பண்ணை வீடு இருக்கிறது. பல ஆண்டுகளாக அந்த வீட்டுக்கு வேண்டாத விருந்தாளிகள் வந்துகொண்டே இருந்தார்கள். எஃப்.பி.ஐ. அதிகாரிகள் வந்தார்கள், வரித்துறையினர் வந்தார்கள், வீட்டைவிட்டு ஓடிய பிள்ளைகளைத் தேடிப் போலீசார் வந்தார்கள். உயிரை மாய்த்துக்கொள்ளப் போகிறார் என்று யாரைப் பற்றியோ தகவல் கிடைத்து ஆம்புலன்ஸ் வந்தது. இணையத்தில் ஏமாந்தவர்கள், ஏமாற்றியவன் இங்கேதான் இருக்கிறான் என்று கோபத்தோடு வந்தார்கள். கடைசியில் அந்த வட்டாரக் காவல்துறைத் தலைவரே வாசல் வழியில் ஓர் அறிவிப்புப் பலகை வைத்தார்: உள்ளே போகாதீர்கள், என்னைக் கூப்பிடுங்கள் என்று. வீட்டில் இருந்தவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை.

காரணத்தை 2016இல் பத்திரிகையாளர் கஷ்மீர் ஹில் வெளிக்கொண்டுவந்தார். ஐ.பி. முகவரியை வைத்து ஒரு கணினி எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லும் தரவுத்தொகுப்பை மேக்ஸ்மைண்ட் என்ற நிறுவனம் விற்றுவந்தது. அமெரிக்காவுக்குள் இருக்கிறது என்பதற்கு மேல் எதுவும் தெரியாத முகவரிகளுக்கும் ஏதாவது ஒரு புள்ளி வேண்டியிருந்தது. நாட்டின் நடுவிடத்தை எடுத்து, எளிமைக்காக முழு எண்ணாக்கி, வடக்கு 38, மேற்கு 97 பாகை என்று எழுதிவைத்தார்கள். அந்தப் புள்ளி விழுந்த இடம் அந்தப் பண்ணை. 60 கோடிக்கும் மேற்பட்ட முகவரிகள் அந்த ஒரே வீட்டைச் சுட்டின.

திறந்த இடத்தரவுக்காகப் பணிபுரியும் இந்த அமைப்பின் நிலைப்பாடு இந்த நிகழ்விலிருந்துதான் தொடங்குகிறது. அங்கே அளவைத் தவறு ஏதும் நடக்கவில்லை. ‘இந்த நாட்டில் எங்கோ’ என்ற உண்மையான விடை, ‘இந்த வீட்டில்’ என்ற பொய்யான விடையாக வேடம் மாறியது. ஒரு பரப்பைப் பற்றி மட்டுமே தெரிந்திருக்கும்போது அதைப் புள்ளியாக வெளியிடுவது தவறான தகவலை வெளியிடுவதே. தெரியாத இடம் வெற்றாக இருக்க வேண்டும்; ஓரளவே தெரிந்த இடம், எந்த அளவுக்குத் தெரியும் என்ற எண்ணோடு சேர்ந்தே வர வேண்டும்.

வேறு வகைப் பிழைகளும் உண்டு. சென்னையின் அட்சத்தையும் தீர்க்கத்தையும் இடம் மாற்றி எழுதினால், 80 பாகை வடக்கே, ஸ்வால்பார்டு தீவுகளைத் தாண்டி ஆர்க்டிக் கடலில் போய் விழும், பார்த்தவுடன் பிடித்துவிடலாம். பூமியின் வடிவத்தைக் குறிக்கும் எவரெஸ்ட் நீள்கோளத்தை அடிப்படையாகக் கொண்ட பழைய நில அளவைத் தாள்களை இன்றைய ஜி.பி.எஸ். வரைபடத்தின் மேல் அப்படியே வைத்தால் 100 மீட்டருக்கும் மேல் விலகும். அதற்கு மாற்றுக் கணக்கு இருக்கிறது. ஒரு பரப்பின் நடுவிடத்தை உண்மையான இடமாகக் காட்டும் நடுப்புள்ளிப் பிழைதான் ஆபத்தானது. அது பார்வைக்கு நம்பத்தக்க இடத்திலேயே உட்கார்ந்திருக்கும்.

2012 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலப் போலீசார், மில்டூரா நகருக்குப் போக ஆப்பிள் வரைபடத்தை நம்ப வேண்டாம் என்று எச்சரித்தார்கள். வரைபடம் அந்நகரை உண்மையான இடத்திலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி, மரே–சன்செட் தேசியப் பூங்காவின் நடுவே காட்டியது. அங்கே தண்ணீர் கிடையாது. கோடையில் வெப்பம் 46 டிகிரியை எட்டக்கூடும். சிலர் 24 மணி நேரம் வரை சிக்கித் தவித்தார்கள். மில்டூரா என்பது நகரத்தின் பெயர் மட்டுமல்ல, அதைச் சூழ்ந்த பரந்த உள்ளாட்சிப் பகுதியின் பெயரும்கூட. அந்தப் பரப்பின் நடுவிடம் நகரத்தின் இடமாகிவிட்டது.

தமிழ்நாட்டுக்கு இது தொலைதூரக் கதை இல்லை. ஈரோடு என்பது ஒரு மாவட்டம், ஒரு வட்டம், ஒரு மாநகரம். மாநகரம் இருப்பது மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், காவிரிக் கரையில். மாவட்டமோ மேற்கே சத்தியமங்கலம் காடுகளைக் கடந்து தாளவாடி வரை நீள்கிறது. மாவட்டத்தின் நடுப்புள்ளியை எடுத்து ‘ஈரோடு’ என்று பெயரிட்டால், அது ஊரைவிட்டு வெகுதூரம் தள்ளி நிற்கும். பின்கோடும் அப்படித்தான். 1972இல் கடிதங்களைப் பிரித்து அனுப்பவே அது வந்தது. ஒரு பின்கோடுக்குள் பல கிராமங்கள் அடங்கும். அதன் நடுப்புள்ளியை ஒரு குடும்பத்தின் வீடாக எழுதிவைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

அஞ்சல் துறை 2025இல் டிஜிபின் என்ற 10 எழுத்துக் குறியீட்டைக் கொண்டுவந்திருக்கிறது. நாட்டை ஏறத்தாழ 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு தருகிறது. தெருப் பெயரோ கதவு எண்ணோ இல்லாத குடியிருப்புகளுக்கு இது பெரிய உதவி. அமைப்பு இதை வரவேற்கிறது. ஆனால் கட்டம் சிறியது என்பதால் உள்ளே போடும் தகவல் துல்லியமாகிவிடாது. வீட்டு வாசலில் நின்று எடுத்த குறியீடும், அலுவலகத்தில் உட்கார்ந்து பின்கோடு நடுப்புள்ளியிலிருந்து உண்டாக்கிய குறியீடும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். எது எப்படி எடுக்கப்பட்டது என்ற குறிப்பு இப்போதே கட்டாயமாக வேண்டும். பிறகு பிரித்தறிய வழியிருக்காது.

ஒற்றைப் புள்ளியைத்தான் பயனாளர்கள் விரும்புகிறார்கள், வட்டம் காட்டினால் குழம்புவார்கள் என்பது செயலி உருவாக்குவோர் வழக்கமாகச் சொல்லும் மறுப்பு. கைப்பேசி வரைபடமே இதற்குப் பதில். திறந்த வெளியில் ஜி.பி.எஸ். சுமார் 5 மீட்டருக்குள் இடத்தைச் சொல்லும். சமிக்ஞை குறைந்தால் நீலப் புள்ளியைச் சுற்றி வெளிர்நீல வட்டம் விரியும். அதைப் பார்த்து யாரும் குழம்புவதில்லை. மேக்ஸ்மைண்ட் நிறுவனமும் தன் தரவில் துல்லிய ஆரத்தைச் சேர்த்துத் தருகிறது. அதை வாங்கிப் பயன்படுத்தும் செயலிகள் ஆரத்தை உதறிவிட்டுப் புள்ளியை மட்டும் காட்டினால், பொறுப்பு அவற்றையே சேரும். கான்சாஸ் செய்தி வெளியானபின் அந்தப் புள்ளி ஓர் ஏரியின் நடுவுக்கு மாற்றப்பட்டது. ஆனால் அது தீர்வல்ல. நாட்டின் பெயரைச் சொல்லி அதோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

எனவே அமைப்பு கேட்பவை இவை. அரசுத் துறைகள் வெளியிடும் இடத்தரவில் ஒவ்வொரு புள்ளிக்கும் அது பெறப்பட்ட முறையும் பிழை எல்லையும் இருக்க வேண்டும்; குடியிருப்பு இருக்கும் இடமும் எல்லைப் பரப்பின் நடுவிடமும் தனித்தனியாகத் தரப்பட வேண்டும். ஐ.பி. முகவரி காட்டும் புள்ளியை மட்டும் வைத்துப் போலீசார் எந்த வீட்டுக் கதவையும் தட்டக் கூடாது. பிழையைச் சுட்டிக்காட்ட ஒரு வழி தமிழிலும் இருக்க வேண்டும். திருத்தம், அந்தத் தரவை ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் போய்ச் சேர வேண்டும். தன் வீட்டு முகவரியைச் சரிசெய்யப் பாதிக்கப்பட்டவரே ஒவ்வொரு நிறுவனமாக ஏறி இறங்குவது அநியாயம்.

இந்த விதிகள் அமைப்புக்கும் பொருந்தும். இனி அது வெளியிடும் எந்தத் தொகுப்பிலும் பிழை எல்லை குறிக்கப்படாத புள்ளி இடம்பெறாது. இடம் உறுதியாகாத பதிவுகள், வரைபடத்தில் எத்தனை வெற்றிடம் தெரிந்தாலும், நேரில் போய்ப் பார்க்கும்வரை வெற்றாகவே விடப்படும்.