உயரத்தை ஏன் அளக்கவில்லை?

பேரனைச் சளிக்காக டாக்டரிடம் கூட்டிப்போனேன். எட்டு வயது, 41 கிலோ. எடை பார்த்தது மருந்தின் அளவுக்காக மட்டும். உயரத்தை யாரும் அளக்கவே இல்லை. உயரம் தெரியாமல் எடை கூடுதலா, சரியா என்று எப்படிச் சொல்வது? இந்தியக் குழந்தை மருத்துவச் சங்கம் 5 முதல் 18 வயது வரைக்கான பிஎம்ஐ வரைபடத்தை 2015லேயே வெளியிட்டுவிட்டது. அதில் ஒரு புள்ளி வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஐந்து வயது ஊசியோடு தடுப்பூசி அட்டை பீரோவுக்குள் போய்விடுகிறது. வளர்ச்சியைப் பார்க்கும் வழக்கமும் கூடவே போய்விடுகிறது.

கேட்டேன். "வளர்ற பையன், சரியாயிடும் சார்" என்றார். தானாகச் சரியாகாது சார். குண்டுப் பிள்ளைகளில் பலர் குண்டாகவேதான் பெரியவர்களாகிறார்கள்.

டாக்டரை மட்டும் சொல்வானேன்? பள்ளிவிட்டு வந்ததும் கிரீம் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக் கொடுப்பது நான்தான். "கொழுகொழுன்னு இருக்கான், கண்ணு படும்" என்று திருஷ்டி சுற்றிப் போடுவது அவன் பாட்டி.

அடுத்த முறை உயரத்தை அளக்காமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்கப் போவதில்லை. டாக்டர் முறைத்தால் முறைக்கட்டும்.