பாதியில் நிற்கும் ஸ்டிக்கர் மெஷின்... பழுது மெஷினில்தானா?

ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம். வீட்டு ஹாலின் மூலையில் சின்னதாக ஸ்டிக்கர் தொழில் செய்பவர்களுக்குக் கை நிறைய வேலை வரும் நாட்கள். ஆட்டோ கண்ணாடிக்குப் பிள்ளைகள் பெயர், பைக் டேங்குக்கு சாமி பெயர், கடைக் கதவுக்குப் புது எழுத்து... அந்த நேரம் பார்த்து, பட்ஜெட் விலையில் வாங்கிய கட்டிங் பிளாட்டர் 'உர்ர்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு நின்றுவிடும். 'போர்டு போயிடுச்சு' என்று முடிவு கட்டி, மெஷினை பார்சல் செய்து சர்வீஸுக்கு அனுப்புபவர்கள் உண்டு. அது திரும்பி வருவதற்குள் பூஜையே முடிந்துவிடும். பல நேரங்களில் அந்த பார்சலுக்குத் தேவையே இருப்பதில்லை.

மெஷின் அசையவே இல்லை என்றால், முதல் சந்தேகம் கேபிளின் மேல்தான் வர வேண்டும். இந்த ரக மெஷின்களில் யு.எஸ்.பி. கேபிள் செருகினாலும், உள்ளே பேசுவது பழைய சீரியல் பாஷை. விண்டோஸ் அதற்கு 'காம் 3', 'காம் 5' என்று ஒரு எண் கொடுக்கும். நேற்று வலது பக்க சாக்கெட்டில் இருந்த கேபிளை இன்று இடது பக்கம் செருகினால் அந்த எண் மாறிவிடலாம். சாஃப்ட்வேரோ பழைய எண்ணையே கூப்பிட்டுக்கொண்டிருக்கும். டிவைஸ் மேனேஜரில் எண்ணைப் பார்த்து, சாஃப்ட்வேரிலும் அதையே கொடுத்தால் போதும். மெஷின் அசைகிறது, ஆனால் கிறுக்குகிறது என்றால் பாட் ரேட்டைப் பார்க்க வேண்டும். மெஷினில் 9600 என்றால் கம்ப்யூட்டரிலும் அதுவே இருக்க வேண்டும்.

பாதியில் நிற்பது வேறு கதை. வினைல் ரோல் உரசி உரசி ஓடும்போது நிலைமின்சாரம் சேரும். மூன்று பின் பிளக்கில் எர்த் சரியாக இல்லாத வீடுகளில் அது இறங்க வழி இல்லாமல், தகவல் தொடர்பைக் குழப்பிவிடும். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிபார்ப்பதும், நீளமான கேபிளை மாற்றிக் குட்டையானதைப் போடுவதும் நல்லது. லேப்டாப் 'ஸ்லீப்' ஆகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதிகம் பழி சுமப்பது பிளேடு. வெட்டு சரியாக விழவில்லை என்றதும் பிரஷரைக் கூட்டுவது பலரின் பழக்கம். அதுதான் தப்பு! பிளேடு மேல் வினைலை மட்டும் வெட்டி, அடித்தாளில் லேசான கோடு மட்டும் போட வேண்டும். தாளும் அறுந்தால் பிளேடு முனை அதிகம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஹோல்டரைத் திருகி உள்ளே இழுத்துவிட்டு, ரோலின் ஓரத்தில் ஒரு சின்னச் சதுரம் வெட்டி, உரித்துப் பார்த்த பிறகே ஆர்டரைத் தொடங்க வேண்டும்.

வட்டம் தொடங்கிய இடமும் முடிந்த இடமும் சேரவில்லையா? பிளேடின் நுனி அதன் நடு அச்சிலிருந்து சற்று விலகித்தான் இருக்கும். அந்த விலகலை சாஃப்ட்வேரில் 'ஆஃப்செட்' என்று சொல்ல வேண்டும். சாதாரண 45 டிகிரி பிளேடுக்குப் பெரும்பாலும் 0.25 மி.மீ. அதைச் சொல்லியும் சேரவில்லை என்றால், ஹோல்டருக்குள் வினைல் துணுக்கு மாட்டி, பிளேடு தாராளமாகச் சுழலாமல் இருக்கலாம். கழற்றித் துடைத்தால் போதும்.

தமிழுக்கென்றே இரண்டு தலைவலிகள் உண்டு. மெஷினோடு வரும் சாஃப்ட்வேரில் தமிழை அடித்தால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கலாம். இன்க்ஸ்கேப் போன்ற இலவச மென்பொருளில் எழுதி, எழுத்துகளை 'பாத்' ஆக மாற்றி, ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும் கோடுகளை 'யூனியன்' கொடுத்து இணைத்த பிறகு அனுப்பினால் இந்தக் குழப்பம் இருக்காது. இணைக்காமல் விட்டால், எழுத்தின் நடுவிலேயே கத்தி ஓடும்.

இரண்டாவது, புள்ளி. 'முருகன் துணை' என்பதில் 'ன்' மேல் இருக்கும் புள்ளி, வேண்டாத வினைலை உரிக்கும்போது கூடவே வந்துவிடும். ஒட்டும் பரப்பு அவ்வளவு குறைவு. புள்ளியைக் கொஞ்சம் பெரிதாக்கி, வேகத்தைக் குறைத்து வெட்டி, உரிக்கும்போது வினைலை மேலே தூக்காமல் தாளோடு ஒட்டினாற்போல மடித்து மெதுவாக இழுத்தால் புள்ளி தங்கிவிடும். அப்படியும் வந்துவிட்டால் ஊசி முனையில் எடுத்து, திரும்ப அதே இடத்தில் வைத்துவிட்டுத்தான் டிரான்ஸ்ஃபர் டேப்பை ஒட்ட வேண்டும்.