வியாழக்கிழமை உச்சிப்பொழுது

மகள் பார்சிலோனாவில் வேலையில் இருக்கிறாள். இந்த வருசம் மஞ்சள் அறுவடை முடிஞ்ச கையோட எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டுக்கிட்டாள். "ரெண்டு நாள் லீவு இருக்குப்பா, வலென்சியா போயிட்டு வரலாம்" என்றாள். ரயிலில் மூணு மணி நேரம்.

முதல் நாள் எல்லாரும் பார்க்கிறதைத்தான் நாங்களும் பார்த்தோம். பழைய கோட்டை வாசல், பட்டு வியாபாரத்துக்குக் கட்டின லோன்ஹா மண்டபம், பெரிய மார்க்கெட். பேராலயத்து மணிக்கூண்டுக்கு 207 படி. வீட்டுக்காரம்மா கீழேயே உட்கார்ந்துட்டாங்க. சாயங்காலம் துரியா ஆத்தைப் பார்க்கப் போனோம். ஆறு இல்லை! 1957-ல் பெரிய வெள்ளம் வந்த பிறகு ஆத்தையே ஊருக்குத் தெற்கே திருப்பி விட்டிருக்காங்க. பழைய படுகையில் ரோடு போடப் பார்த்தப்போ ஊர்க்காரங்க எதிர்த்து நின்னாங்களாம். இன்னைக்கு அது நீளமான பூங்கா. பாலமெல்லாம் அப்படியே நிக்குது, அடியில் பிள்ளைங்க பந்து விளையாடுது.

நடந்த களைப்புக்கு ஒர்ச்சாத்தான்னு பால் மாதிரி ஒண்ணு வாங்கிக் கொடுத்தாள். எதில் செய்யறாங்கன்னு கேட்டேன். கோரைக்கிழங்கு! நம்ம காட்டுக் கோரைக்கு ஒண்ணுவிட்ட சொந்தம். மஞ்சள் காட்டில் அதைக் களை எடுத்தே என் பாதி ஆயுசு போச்சு. அங்கே அதையே வெள்ளாமை வைக்கிறாங்க.

ஆனா நான் எழுத வந்தது மறுநாளைப் பத்தி.

வியாழக்கிழமை பகல் 12 மணி. பேராலயத்தில் அப்போஸ்தலர் வாசல்னு ஒண்ணு. அதுக்கு வெளியே எட்டு நாற்காலி. கறுப்பு அங்கி போட்ட எட்டுப் பேர் வந்து உட்கார்ந்தாங்க. வாய்க்கால் ஒண்ணுக்கு ஒருத்தர். எல்லாரும் சொந்த நிலத்தில் பாடுபடுகிற விவசாயிங்க, அந்தந்த வாய்க்கால்காரங்க ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவங்க. இதுதான் வலென்சியாவின் தண்ணீர் நீதிமன்றம். அரபு ஆட்சிக் காலத்திலிருந்து வருதுன்னு சொல்றாங்க. 2009-ல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்திருக்கு.

சேவகர் ஒவ்வொரு வாய்க்கால் பேரா கூப்பிட்டாரு, பிராது இருக்கான்னு. யாரும் வரலை. எட்டுப் பேரும் எழுந்து போயிட்டாங்க. மொத்தமே சில நிமிசம். சுத்தி நின்ன சுற்றுலாக் கூட்டத்துக்கு ஏமாற்றம். பக்கத்தில் ஒரு பையன் போனை எடுக்கிறதுக்குள்ளே முடிஞ்சு போச்சு.

எனக்கு ஏமாற்றமா இல்லை. தகராறு பெருசாகும் முன்னாடியே வாய்க்கால் தலைவர் பேசி முடிச்சுடுவாராம். மீறி வந்தா இங்கே விசாரணை. வக்கீல் கிடையாது, காகிதம் கிடையாது. எல்லாம் வாய்ப்பேச்சு, அதுவும் அவங்க ஊர் பாசையில். எந்த வாய்க்கால்காரர் மேல பிராதோ, அந்த வாய்க்கால் தலைவர் தீர்ப்பில் கலந்துக்க மாட்டார். சொன்ன தீர்ப்புக்கு அப்பீல் இல்லை.

என் கதையைச் சொல்லணும். எனக்கும் மேக்காட்டுக்காரருக்கும் ஒரு மடைத் தகராறு. கோர்ட்டில் 11 வருசமா நடக்குது. முதலில் கேஸ் போட்டது நான்தான். ரெண்டு பேரும் வக்கீலுக்குக் கொடுத்த காசில் அந்த வாய்க்காலுக்குச் சிமெண்டே போட்டிருக்கலாம். பயிர் காயறது பத்து நாளில். வாய்தா வர்றது மூணு மாசத்தில்.

உடனே "பழைய ஊர்ப் பஞ்சாயத்தே நல்லது"ன்னு சொல்ல வர்றேன்னு நினைக்காதீங்க. எங்க ஊர்த் திண்ணையில் யார் உட்கார்ந்தாங்க, யார் கைகட்டி நின்னாங்கன்னு எனக்குத் தெரியும். அது திரும்ப வேண்டாம். வலென்சியாவில் இருக்கிறது வேற. தண்ணியைத் தவிர வேற பேச்சு அங்கே வராது. உட்கார்றவரும் மடை கட்டுறவர்தான். விசாரணை நடுத்தெருவில், எல்லார் கண் முன்னாடி.

இங்கேயும் 2000-லேயே பாசனத்தை விவசாயிகளே நிர்வகிக்கச் சட்டம் வந்துச்சு. எங்க சங்கத்துக்கு ஒரு போர்டு இருக்கு. அதுக்குக் கீழே உட்கார்ந்து ஒரு மடைத் தகராறைப் பேசி நான் பார்த்ததில்லை. தப்பு சர்க்கார் மேல மட்டும் இல்லை. ஆளுக்கொரு போர் போட்டுக்கிட்டோம். வாய்க்கால் யாருக்கும் சொந்தமில்லாம போச்சு. கேஸ் போட மட்டும் சொந்தம் வந்துடுது.

வெளிநாடு போற நகரத்துப் பிள்ளைங்களுக்கு ஒண்ணு. வலென்சியா போனா வியாழக்கிழமை பகலை விட்டுடாதீங்க. பார்க்கப் பெருசா ஒண்ணும் இருக்காது. அது எதனால்னு யோசிங்க.

ஊர் வந்த மறுநாள் மடைக்குப் போனேன். மேக்காட்டுக்காரர் நின்னுட்டிருந்தாரு. பல வருசம் கழிச்சு நானே போய்ப் பேசினேன். போனில் போட்டோவைக் காட்டினேன்.

"யாருங்க இவங்க, வக்கீலுங்களா?"

"நம்மள மாதிரி காட்டுக்காரங்கதானுங்க."

அடுத்த வாய்தாவுக்கு முன்னாடி ஒரு நாள் உட்கார்ந்து பேசலாமான்னு கேட்டேன். ரொம்ப நேரம் போட்டோவையே பார்த்துட்டு, "யோசிச்சுச் சொல்றேனுங்க"ன்னாரு. சொல்லட்டும்.