லாரி டிரைவருக்கும் எட்டு மணி நேரம்!

வலையபட்டியிலும் அதைச் சுற்றியுள்ள செட்டிநாட்டுக் கிராமங்களிலும் கண்மாய் பெருகினால்தான் நடவு; நடவு நடந்தால்தான் கூலி. மழை பொய்த்த வருஷம் விவசாயத் தொழிலாளியின் வீட்டு அடுப்பும் அணைந்துவிடும். மில் வேலையை நம்பலாமா என்றால் அதுவும் நிச்சயமில்லை. தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் ஆலைகள் 2020 மார்ச் மாதம் ஊரடங்கோடு நிறுத்தப்பட்டன. காளையார்கோவில் ஆலையும் அவற்றில் ஒன்று. நின்ற கதிர்கள் மறுபடி எப்போது சுற்றும் என்று தொழிலாளர்கள் வருஷக் கணக்கில் காத்துக் கிடந்தார்கள்.

இந்த நிலைமையில் வீட்டிலிருக்கும் இருபது வயது வாலிபன் என்ன செய்வான்? “லாரிக்குப் போறேன்” என்கிறான். தாய் கண் கலங்குகிறாள். தகப்பன் பேசாமல் திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறான். அந்த வாலிபனுக்கும் அவனுடைய பெற்றோருக்கும், வயலிலும் மில்லிலும் பாடுபடும் தோழர்களுக்கும் நாம் சில விஷயங்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

லாரி ஓட்டுவது இழிவான தொழில் அல்ல. விதைத்தவன் விளைத்த நெல்லும், நூற்றவன் நூற்ற நூலும் சந்தைக்குப் போவது யாருடைய கைகளால்? செட்டிநாட்டு மாளிகைகளுக்குப் பர்மாத் தேக்கு வந்தது, இத்தாலியச் சலவைக்கல் வந்தது என்று இன்றும் பெருமையாகப் பேசுகிறார்கள். கப்பல் இறக்கிவிட்ட இடத்திலிருந்து மாளிகை வாசல் வரைக்கும் அந்தப் பாரத்தை இழுத்துக்கொண்டு வந்த வண்டிக்காரனைப் பற்றி யார் பேசுகிறார்கள்? அந்த வண்டிக்காரனின் இடத்தில் இன்று லாரி டிரைவர் இருக்கிறார். பாரம் பெருத்தது, பாதை நீண்டது. அவருடைய பாடு மட்டும் பேசப்படவில்லை.

தொழிலுக்குள் போகும் வழி என்ன? 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி முதலில் இலகு ரக வண்டிக்கு லைசென்ஸ் எடுக்க வேண்டும். அதை வைத்து ஒரு வருஷம் கழிந்த பிறகுதான் கனரக வண்டிக்குப் பழகுநர் லைசென்ஸ் கிடைக்கும். லாரி ஓட்ட இருபது வயது நிறைந்திருக்க வேண்டும். மருத்துவச் சான்றும் வேண்டும். நம் ஜனங்கள் குட்டியானை என்று சொல்லும் சின்னச் சரக்கு வண்டியில் தொடங்கலாம். 7,500 கிலோவுக்கு உட்பட்ட அத்தகைய வண்டியை இலகு ரக லைசென்சைக் கொண்டே ஓட்டலாம் என்று 2024 நவம்பர் 6-ல் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். முறையாகக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களுக்குச் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் பயிற்சிப் பள்ளி கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது.

முன்பு எட்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும் என்ற விதி இருந்தது. 2019-ல் மத்திய சர்க்கார் அதை நீக்கிவிட்டது. படிக்க வசதியில்லாத ஏழைப் பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது நல்லதே. ஆனால் தம்பி, விதிக்குப் படிப்பு வேண்டாமென்றாலும் தொழிலுக்கு அது வேண்டும். பெர்மிட்டைப் படிக்கத் தெரியாதவனிடம் காலாவதியான வண்டியைக் கொடுத்து அனுப்புவார்கள். கணக்கு எழுதத் தெரியாதவனுடைய பேட்டாவில்தான் முதலில் கை வைப்பார்கள்.

லைசென்ஸ் கைக்கு வந்தாயிற்று. வேலையும் கிடைத்துவிட்டது. பிறகு என்ன நடக்கிறது?

பெரும்பாலான லாரிகளில் மாதச் சம்பளம் என்பது பெயரளவுக்குத்தான், அல்லது அதுவும் இல்லை. நடைக்கு இவ்வளவு, வாடகையில் நூற்றுக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்கிறார்கள். சக்கரம் ஓடினால் கூலி; நின்றால் ஒன்றுமில்லை. தூத்துக்குடித் துறைமுகத்தில் லோடு ஏற்ற வண்டி வரிசையில் நிற்கிறது. ஒரு பகல் போகிறது, ஒரு இரவு போகிறது. அந்த நேரத்துக்குக் கூலி யார் கொடுப்பது? சரக்குக்காரர் கொடுப்பதில்லை. புரோக்கர் கொடுப்பதில்லை. லாரி சொந்தக்காரரும் கைவிரிக்கிறார். இழந்த நேரத்தை டிரைவர் தன்னுடைய தூக்கத்திலிருந்து எடுத்து ஈடு செய்கிறார். திருச்சி–காரைக்குடி–ராமநாதபுரம் ரஸ்தாவில் பின்னிரவு மூன்று மணிக்குக் கண்ணில் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு வண்டி ஓட்டும் மனிதன் பேராசைக்காரன் அல்ல. கூலி முறை அவனை அப்படி விரட்டுகிறது.

இது நம் ஊகம் அல்ல. 2020-ல் சேவ்லைஃப் பவுண்டேஷன் என்ற அமைப்பு பத்து நகரங்களில் லாரி டிரைவர்களை விசாரித்தது. சராசரியாக நாளொன்றுக்குச் சுமார் 12 மணி நேரம் வண்டி ஓட்டுவதாக அவர்கள் சொன்னார்கள். களைப்போடும் தூக்கக் கலக்கத்தோடும் ஓட்டுகிறோம் என்று பாதிப்பேர் ஒப்புக்கொண்டார்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த வேலையைச் சொல்ல மாட்டோம் என்றவர்கள் நூற்றுக்கு 84 பேர்! வேறு எந்தத் தொழிலில் இப்படி ஒரு சாட்சியம் கிடைக்கும்?

பன்னிரண்டு மணி நேரம் என்றதும் மில் தோழர்களுக்கு ஒன்று ஞாபகம் வரும். 2023 ஏப்ரல் 21-ல் தமிழ்நாடு சட்டசபையில் ஆலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. பத்தே நாளில், மே தினத்தன்று, மசோதா வாபஸ் என்று முதலமைச்சர் அறிவிக்க நேர்ந்தது. 1923-ல் சென்னையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடி நூறு ஆண்டு நிறைந்த அதே நாளில் கிடைத்த வெற்றி அது. ஆலைத் தொழிலாளி எதிர்த்து விரட்டிய அந்தப் பன்னிரண்டு மணி நேரம் மசோதா எதுவும் இல்லாமலேயே லாரி டிரைவரின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது. அவருக்காக எந்தச் சட்டசபையில் கூச்சல் எழுந்தது?

சட்டமே இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. 1961-ம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு கட்டியது. தொலைதூர வண்டிகளுக்கு நாளைக்கு 10 மணி வரை அனுமதித்தது. ஐந்து மணி வேலைக்கு ஒருமுறை அரைமணி ஓய்வு, ஒரு நாள் வேலைக்கும் மறுநாள் வேலைக்கும் இடையில் தொடர்ந்து ஒன்பது மணி ஓய்வு, மிகைநேரத்துக்கு இரட்டைக் கூலி என்றெல்லாம் அதில் எழுதியிருந்தது. ஆனால் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள நிறுவனங்களுக்குத்தான் அது பொருந்தும். ஒரு லாரி, இரண்டு லாரி வைத்திருப்பவரிடம் வேலை செய்யும் டிரைவர் அந்தச் சட்டத்தின் வாசலுக்கு வெளியே நின்றார்.

அறுபது வருஷத்துக்குப் பிறகாவது அவரை உள்ளே அழைத்தார்களா? இல்லை. அந்தப் பழைய சட்டத்தை விழுங்கிய தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், வேலை நிலைமைகள் பற்றிய சட்டத் தொகுப்பு 2020-ல் நிறைவேறி 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்தது. அதில் ஐந்து என்பது பத்து ஆகிவிட்டது! நியமனக் கடிதம் கொடு, வேலை நேரத்துக்கு வரம்பு வை என்று அது முதலாளிக்குச் சொல்வதெல்லாம் பத்துப் பேர் இருக்கும் நிறுவனத்துக்குத்தான். லாரித் தொழிலோ சில்லறைச் சில்லறையாகச் சிதறிக் கிடக்கிறது. யாருக்குப் பாதுகாப்பு அதிகம் தேவையோ அவரை எண்ணிக்கையைக் காட்டி வெளியே தள்ளுவது என்ன நியாயம்? தூக்கக் கலக்கத்தில் வரும் லாரி எதிரே வருகிறவனிடம், என் முதலாளியிடம் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் தெரியுமா என்று கேட்டுவிட்டா மோதுகிறது? 2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டார்கள். அவர்களில் 17,884 பேர் நம் தமிழ்நாட்டில் மாண்டவர்கள். சைக்கிளில் வயலுக்குப் போகிறவர்களும், ஷிப்டு முடிந்து வீடு திரும்புகிறவர்களும் போகும் சாலைகள் இவை. டிரைவரின் தூக்கம் டிரைவருடைய சொந்த விஷயம் மட்டுமல்ல.

சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1979-லேயே 153-வது ஒப்பந்தத்தில் இதற்கு வழி சொன்னது. ஒரே மூச்சாக 4 மணிக்கு மேல் ஓட்டக்கூடாது. மிகைநேரம் சேர்த்தும் நாளைக்கு 9 மணிக்கு மேல் ஓட்டக்கூடாது. இந்தியா இன்னும் அந்த ஒப்பந்தத்தை ஏற்கவில்லை. ஐரோப்பிய நாடுகளில் லாரிக்குள்ளேயே ஒரு கருவி ஓட்டிய நேரத்தையும் ஓய்ந்த நேரத்தையும் பதிவு செய்கிறது. இங்கே லாரி எங்கே போகிறது என்று நொடிக்கு நொடி காட்டும் கருவி வந்துவிட்டது. டிரைவர் எப்போது தூங்கினார் என்று பார்க்கத்தான் யாருக்கும் மனமில்லை.

லாரி சொந்தக்காரர்கள் எல்லோரையும் ஒரே தராசில் நிறுக்க வேண்டியதில்லை. நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி வட்டாரங்களில் டிரைவராகவும் கிளீனராகவும் இருந்தவர்கள் கடன் வாங்கிச் சொந்த வண்டிக்காரர்கள் ஆன கதை உண்டு. அந்தக் கதையைச் சொல்லித்தான் நம் பிள்ளைகளுக்கும் ஆசை காட்டுகிறார்கள். சிலர் கரையேறியது உண்மை. ஆனால் வட்டியும் தவணையும் கழுத்தை நெரிக்கும்போது ஒற்றை லாரிக்காரர் தன்னைத்தானே பதினைந்து மணி நேரம் வேலை வாங்கிக்கொள்கிறார்! வாடகையைக் குறைத்துப் பேசும் பெரிய சரக்குக்காரரும், நடுவில் நின்று கமிஷன் எடுக்கும் புரோக்கரும், தவணை தவறினால் வண்டியைத் தூக்கும் பைனான்ஸ்காரரும் அவருக்குமேல் இருக்கிறார்கள். கசக்கிப் பிழிவது அங்கே தொடங்கி டிரைவரிடம் வந்து முடிகிறது.

2017 ஜூலையில் புதிய வரிமுறை வந்ததும் மாநில எல்லை வரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டன. மணிக்கணக்கான காத்திருப்பு மிச்சமானது. அந்த நேரம் டிரைவரின் தூக்கத்துக்குப் போயிற்றா, இன்னொரு நடைக்குப் போயிற்றா? 2025-லிருந்து தயாராகும் பெரிய லாரிகளில் டிரைவர் அறைக்குக் குளிர்சாதனம் வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. வரவேற்கிறோம். ஆனால் குளிர்ந்த அறையில் பன்னிரண்டு மணி நேரம் என்றாலும் அது பன்னிரண்டு மணி நேரம்தான்.

சிதறிக் கிடக்கும் டிரைவர்களை ஒன்று சேர்க்க முடியாது என்று சிலர் சலித்துக்கொள்கிறார்கள். 2024 ஜனவரியின் முதல் இரண்டு நாட்களை அவர்கள் நினைத்துப் பார்க்கட்டும். விபத்துக்குப் பிறகு தகவல் கொடுக்காமல் ஓடினால் பத்து வருஷம் வரை சிறை என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவு, இரண்டாவது உட்பிரிவு சொன்னது. பல மாநிலங்களில் டிரைவர்கள் சாவியைக் கழற்றிவிட்டு இறங்கினார்கள். பெட்ரோல் பங்குகளில் ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். மத்திய சர்க்கார் பேச்சுவார்த்தைக்கு வந்தது. அந்த வருஷம் ஜூலை முதல் தேதி சட்டம் அமலானபோது அந்த உட்பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. அடிபட்டவனை விட்டுவிட்டு ஓடுவது சரி என்று நாம் சொல்லவில்லை. அடிபட்டவருக்கு வைத்திய உதவிக்கு வழிசெய்து போலீசுக்குத் தகவல் கொடுப்பது டிரைவரின் கடமை என்று 1988-ம் ஆண்டுச் சட்டத்தின் 134-வது பிரிவு சொல்கிறது. கூட்டத்தின் ஆத்திரம் காரணமாக உதவ முடியாமல் போகலாம் என்பதையும் அதே பிரிவு ஒப்புக்கொள்கிறது. ஒரே கூரையின் கீழ் வேலை செய்யாதவர்களும் ஒன்றாக நிற்க முடியும் என்பதே அந்த இரண்டு நாட்களின் பாடம்.

ஆகவே, லாரிக்குப் புறப்படும் தம்பி! வண்டியில் ஏறும் முன் டயரையும் பிரேக்கையும் பார்ப்பதுபோல் பெர்மிட், எப்.சி., இன்சூரன்ஸ் மூன்றையும் பார். கூலி எவ்வளவு, பேட்டா எவ்வளவு, நிற்கும் நாளுக்கு எவ்வளவு என்று கையெழுத்தோடு வாங்கு. ஒரு நோட்டில் புறப்பட்ட நேரம், நின்ற நேரம், தூங்கிய நேரம் எழுதி வை. விபத்தில் இழப்பீடு கேட்கும் உரிமை உனக்கு உண்டு. ஆனால் அங்கே வேலை செய்ததற்குச் சாட்சி அந்த நோட்டும் அந்தக் காகிதமும்தான். அதிகப் பாரம் ஏற்றச் சொன்னால் மறுத்துவிடு. 20,000 ரூபாயும் ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கு 2,000 ரூபாயும் அபராதம். அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கான தமிழ்நாடு நல வாரியத்தில் பெயரைப் பதிவு செய். சங்கத்தில் சேர். தனியாக ஓட்டலாம், தனியாகப் பேரம் பேசாதே.

மில் தோழர்களே, விவசாயத் தொழிலாளர்களே! நம் மில் வாசலில் நூல் மூட்டைக்காக நிற்கும் லாரியிலும், நம் களத்துமேட்டில் நெல் ஏற்ற வந்த லாரியிலும் இருப்பவர் நம் வீட்டுப் பிள்ளை. அவருக்குக் குடிநீர், கழிப்பிடம், படுக்க ஓர் இடம் வேண்டும் என்று கேட்பதை நம் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் இந்த மாதமே சேர்ப்போம். காத்திருக்கும் நேரத்துக்கும் கூலி, ஒற்றை லாரியானாலும் எட்டு மணி நேரச் சட்டம், ஆள் கணக்கு வரம்பை நீக்கு! இந்த மூன்றையும் சர்க்காரின் காது கேட்கும்வரை சேர்ந்து முழங்குவோம்.

எட்டு மணி நேரத்தை யாரும் ஆலைத் தொழிலாளிக்குத் தானமாகக் கொடுக்கவில்லை. லாரி டிரைவருக்கும் யாரும் கொடுக்கப் போவதில்லை. சேர்ந்து நின்றுதான் வாங்க வேண்டும்.